2கே டேப்லெட்ல நெட்பிளிக்ஸ் மட்டும் மங்கலா தெரியுதுன்னா

ஸ்க்ரீன்ல கோளாறு இல்லைங்க. யூடியூப் பளிச்சுனு ஓடுது நெட்பிளிக்ஸ் மட்டும் மங்கல்னு சொல்றீங்க, அப்போ பெரும்பாலும் உங்க டேப்ல வைட்வைன் (படத்தைக் காப்பி அடிக்க விடாம தடுக்குற கூகுளோட பாதுகாப்பு) எல்3, அதாவது கீழ் லெவல் தான் இருக்கும். மேல் லெவலான எல்1 இல்லாம நெட்பிளிக்ஸ் எச்டி தராது, ஸ்க்ரீன் 2கே-வா இருந்தாலும் சரி.

நெட்பிளிக்ஸ் ஆப் செட்டிங்ஸ்ல பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்னு இருக்கும், அதுல வைட்வைன் லெவல் பாருங்க. எல்3னா செட்டிங்ஸ்ல என்ன நோண்டினாலும் எச்டி வராது, படம் பாக்கத்தான் வாங்குனீங்கன்னா ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள திருப்பிக் குடுத்துடுங்க. மிட்ரேஞ்சுல பெரிய ஸ்க்ரீன், நாலு ஸ்பீக்கர்னு காட்டிட்டு சில மாடல்ல இங்கதான் கை வைக்கிறாங்க, பாக்ஸ்லயும் போட மாட்டாங்க, ரொம்பக் கடுப்பான விஷயம்.

ஆனா திருப்புறதுக்கு முன்னாடி உங்க நெட்பிளிக்ஸ் பிளானையும் பாத்துடுங்க, இந்தியாவுல அவங்களோட மொபைல் பிளான்னா எச்டிக்குக் கீழ 480பி தான், எல்1 இருந்தாலும் அதுக்கு மேல வராது.