பெரிய பல்கலைக்கழகத்தில் மேலாண்மைப் படிப்பு: கூட்டத்தில் தொலைந்துவிடாமல் படிப்பது எப்படி?

கேள்வி: வணிக நிர்வாகமும் மேலாண்மையும் படிக்க ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. முதலாண்டு விரிவுரைகளில் 400 பேர் வரை அமர்வார்கள் என்கிறார்கள். எனக்குக் கணிதம் சுமாராகத்தான் வரும். சமாளிக்க முடியுமா? எந்தச் சிறப்புப் பிரிவை எடுப்பது என்று இப்போதே முடிவு செய்ய வேண்டுமா? பட்டம் பெற்றவுடன் எம்.பி.ஏ. தொடரலாமா?

பதில்: சமாளிக்கலாம். ஆனால், நீங்கள் கவலைப்பட வேண்டியது விரிவுரை மண்டபத்தின் கூட்டத்தைப் பற்றி அன்று. முதல் இரண்டு பருவங்களின் தேர்வுகளைப் பற்றி. பல நாடுகளில் அரசுப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கையில் கதவை அகலமாகத் திறந்துவிட்டு, சலித்தெடுக்கும் வேலையை முதலாண்டுத் தேர்வுகளிடம் ஒப்படைத்துவிடுகின்றன. அந்தச் சல்லடை பெரும்பாலும் புள்ளியியலும் நிதிக் கணக்கியலும்தான்.

முதலில் நேரக் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஓராண்டுக்கு 60 கிரெடிட். ஒவ்வொரு கிரெடிட்டும் 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கும். அப்படியானால் 6 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 150 முதல் 180 மணி நேரம் தேவை. வாரம் 4 மணி வீதம் 15 வாரங்கள் வகுப்பு நடந்தாலும் 60 மணிதான் ஆகிறது. மீதமுள்ள 90 மணிக்குக் குறையாத நேரத்தை நீங்களாகவே படிக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் வேறு முறையைப் பின்பற்றினாலும் விகிதம் பெரிதாக மாறிவிடாது. சிறிய கல்லூரியில் ஆசிரியர் துரத்திப் படிக்க வைப்பார். இங்கே தேர்வு முடிவு வெளிவரும்வரை யாரும் உங்களை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

கணிதத்தைப் பொறுத்தவரை, இளநிலைப் படிப்புக்கு விழுக்காடு, இயற்கணிதம், எளிய வகைநுண்கணிதம், நிகழ்தகவு ஆகியவற்றில் தெளிவு இருந்தால் போதும். வகுப்புகள் தொடங்குமுன் இவற்றை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள். கணக்கியலில் தடுமாறுவோருக்குச் சிக்கல் கணக்குப் போடுவதில் வருவதில்லை. எண்களுக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்காததால் வருகிறது. ஒரு நிறுவனம் 60-க்குச் சரக்கை ரொக்கம் கொடுத்து வாங்கி, அதே மாதத்தில் முழுவதையும் 100-க்கு விற்கிறது. ஆனால் வாடிக்கையாளர்கள் 30-ஐ மட்டும் உடனே கொடுத்து, 70-க்கு இரண்டு மாதத் தவணை கேட்கிறார்கள். இலாப நட்டக் கணக்கில் 40 இலாபம். ரொக்கக் கையிருப்பிலோ 30 குறைந்திருக்கிறது. மாதக் கடைசியில் சம்பளம் கொடுக்கப் பணமில்லை! இந்த முரண் புரிந்துவிட்டால், நிறுவனத்தின் சொத்துகளையும் கடன்களையும் காட்டும் ஐந்தொகையில் வரவேண்டிய கடன்கள் ஏன் சொத்தாக நிற்கின்றன என்பதும், விற்பனைப் பிரிவு தாராளமாகத் தவணை கொடுக்கும்போது நிதிப் பிரிவு ஏன் முகம் சுளிக்கிறது என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும். 1494-இல் இத்தாலியக் கணிதவியலாளர் லூக்கா பச்சோலி அச்சில் விளக்கிய, ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்று, வரவு என இரண்டு பக்கமும் பதியும் இரட்டைப் பதிவு முறையின் தர்க்கம்தான் இன்றைய கணக்கு மென்பொருள்களுக்குள்ளும் ஓடுகிறது. ஆகவே அதில் செலவிடும் உழைப்பு வீண்போகாது.

கூட்டத்துக்கு மாற்று, டுடோரியல் எனப்படும் சிறு குழு வகுப்புகள். விரிவுரைக் குறிப்புகளைப் பிறகும் படித்துக்கொள்ளலாம், டுடோரியலைத் தவறவிடாதீர்கள். உங்கள் பெயரை அறிந்த ஆசிரியர் ஒருவர் உருவாவது அங்கேதான். பிற்பாடு பரிந்துரைக் கடிதம் கேட்க நேரும்போது அதன் அருமை தெரியும். பேராசிரியர்கள் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் நேரம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது என்பது பெரிய பல்கலைக்கழகங்களின் வேடிக்கைகளில் ஒன்று. போகும்போது 'பாடம் புரியவில்லை' என்று பொதுவாகச் சொல்லாமல், நீங்கள் போட்டுப் பார்த்த கணக்கு எந்த வரியில் நின்றுவிட்டது என்பதைக் காட்டுங்கள்.

பெரிய பல்கலைக்கழகத்தின் உண்மையான செல்வம் பக்கத்துத் துறைகளில் இருக்கிறது. மேலாண்மை என்பது பெருமளவு கடன் வாங்கி வளர்ந்த துறை. வரம்புக்குட்பட்ட வளங்களை மிகச் சிறப்பாகப் பங்கிடக் கணக்கிடும் நேரியல் திட்டமிடலுக்கான சிம்ப்ளெக்ஸ் முறையை 1947-இல் உருவாக்கிய ஜார்ஜ் டான்ட்சிக் ஒரு கணிதவியலாளர். நுகர்வோர் முடிவெடுக்கும் விதத்தைப் பற்றிய இன்றைய பாடங்களில் தவறாமல் இடம்பெறும் டேனியல் கானமன், 2002-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்றபோதும் உளவியலாளராகவே அறியப்பட்டவர். தனித்து இயங்கும் மேலாண்மைக் கல்லூரியில் இத்தகைய பாடங்களின் சுருக்கம்தான் கிடைக்கும். உங்களுக்கோ சட்டப் புலத்தில் தொழிலாளர் சட்டத்தையும், புள்ளியியல் துறையில் மாதிரியெடுப்பையும், உளவியல் துறையில் நிறுவன நடத்தையையும் அந்தந்தத் துறையினரிடமே விருப்பப் பாடமாகப் படிக்கும் வாய்ப்பு இருக்கக்கூடும். அவை கடினமாக இருக்கும், மதிப்பெண் சற்றுக் குறையவும் கூடும்; அப்படியிருந்தும் ஒன்றிரண்டையாவது எடுங்கள் என்பதே என் கருத்து.

சிறப்புப் பிரிவை இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. பல பல்கலைக்கழகங்களில் அது முதலாண்டுக்குப் பிறகே வருகிறது. இப்போது பார்க்க வேண்டியது முன்தேவைப் பாடங்களின் வரிசையை. நிதிக் கணக்கியலில் தேறாமல் மேலாண்மைக் கணக்கியலுக்கும், அதில் தேறாமல் உயர்நிலை நிதிப் பாடங்களுக்கும் போக முடியாது என்ற வகையான விதிகள் பரவலாக உண்டு. அந்தப் பாடம் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நடத்தப்படுமானால், ஒரு தோல்வி ஓராண்டைத் தின்றுவிடும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் படிக்கும் பரிமாற்ற வாய்ப்புக்கும் முதலாண்டு மதிப்பெண்ணையே பெரிதும் பார்க்கிறார்கள், ஏனென்றால் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது கையிலிருப்பது பெரும்பாலும் அது மட்டுமே.

எம்.பி.ஏ. பற்றிய கேள்விக்கு வருகிறேன். நன்மதிப்புள்ள எம்.பி.ஏ. திட்டங்கள் பல, சில ஆண்டுப் பணி அனுபவத்தை எதிர்பார்க்கின்றன. வகுப்பு விவாதமே மாணவர்களின் அனுபவத்தை நம்பி நடப்பதால் அந்த எதிர்பார்ப்பு நியாயமானது. மேலும், இளநிலையில் நீங்கள் படிக்கப்போகும் கணக்கியல், நிதி, சந்தைப்படுத்தல் ஆகியவையே எம்.பி.ஏ. முதலாண்டிலும் மீண்டும் வரும். பொறியியல், மருத்துவம் போன்ற பிற துறைகளிலிருந்து வருவோரையும் மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது அது. பட்டம் பெற்றவுடன் தொடர்ந்து படிக்கத்தான் வேண்டுமென்றால், நிதி அல்லது தரவுப் பகுப்பாய்வு போன்ற ஒரு துறையில் முதுநிலைப் பட்டம் பொருத்தமாக இருக்கும். வேலைக்குப் போக வாய்ப்பிருந்தால், முதலில் வேலைக்குப் போங்கள், எம்.பி.ஏ. வேண்டுமா என்பதை மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்து முடிவு செய்யலாம்.