கண் மூடியபின் காட்டப்பட்ட கடற்கரை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ‘லாஸ்ட்’ தொடரின் ஆறு சீசன்களையும் அண்மையில்தான் பார்த்து முடித்தேன். விமானம் தீவில் விழுந்த அன்றே அதில் வந்த எல்லாரும் இறந்துவிட்டார்கள் என்பதுதான் கடைசித் திருப்பம் என்று என் அண்ணன் உறுதியாகச் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எது சரி?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: தாங்கள் புரிந்துகொண்டதே சரி. ஆயினும் தங்கள் அண்ணனைக் குறை சொல்வதற்கில்லை. 2010 மே 23 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் இறுதிப் பகுதி ஒளிபரப்பானபோதே பார்வையாளர்கள் பலர் அந்த முடிவுக்குத்தான் வந்தார்கள்.

அதற்கு ஒரு காரணம் கதைக்கு வெளியே இருந்தது. காயமுற்ற கதாநாயகன் ஜாக் மூங்கில் காட்டில் சாய, வின்சென்ட் என்ற நாய் ஓடிவந்து பக்கத்தில் படுத்துக்கொள்ள, முதல் பகுதியின் தொடக்கத்தில் திறந்த அதே கண் மூடுவதோடு கதை முடிந்துவிட்டது. அதன்பின் பெயர்ப்பட்டியல் ஓடுகையில், ஆளரவமில்லாத கடற்கரையில் விமானச் சிதைவுகள் கிடப்பதைத் தொலைக்காட்சி நிறுவனம் காட்டியது. உருக்கமான முடிவிலிருந்து சட்டென்று இரவுச் செய்திக்குத் தாவாமல் பார்வையாளருக்குச் சற்று அவகாசம் தருவதற்காகவே அவற்றைச் சேர்த்ததாக நிறுவனம் பிறகு விளக்கியது. ஆனால் ஆறாண்டுகளாகக் காட்சியின் மூலைமுடுக்கெல்லாம் குறிப்புத் தேடிப் பழகியிருந்த ரசிகர்கள், அந்தச் சிதைவுகளையும் ஒரு குறிப்பாகவே எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

மற்றொரு காரணம் இன்னும் ஆழமானது. அந்தத் தீவு இறந்தவர்கள் தங்கும் இடைநிலை உலகம் என்ற ஊகம் முதல் சீசனிலேயே பரவியிருந்தது. தயாரிப்பாளர்கள் அதைத் திரும்பத் திரும்ப மறுத்தார்கள். ஆறாவது சீசனில் தீவுக்கு இணையாகக் காட்டப்பட்ட வேறொரு வாழ்க்கை, அவரவர் இறந்தபின் ஒன்றுகூடும் இடம் என்று கடைசியில் தெரியவந்தபோது, பழைய ஊகமே உண்மையாகிவிட்டதாகப் பலர் கருதினார்கள். தேவாலயத்தில் ஜாக்கின் தந்தை மகனிடம் சொல்வதைக் கவனித்துக் கேட்டால் ஐயம் தீரும். தீவில் நடந்தவை யாவும் மெய். அங்கே கூடியிருப்பவர்களில் சிலர் ஜாக்குக்கு முன்பு இறந்தவர்கள், சிலர் அவனுக்கு நெடுங்காலம் பின்பு இறந்தவர்கள். இந்த ஒரு காட்சியையாவது அண்ணனுடன் உட்கார்ந்து மறுபடி பாருங்கள்.

விடையில்லாமல் போன புதிர்கள் குறித்த கோபம் வேறு. அது நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன். வால்ட் என்ற சிறுவனுக்கு ஏதோ தனி ஆற்றல் உண்டு என்று கதை அழுத்திச் சொல்லிவிட்டு, பின்னர் அவனை ஏறக்குறைய மறந்தே போனது. 2010 ஆகஸ்டில் டிவிடியுடன் வந்த சுமார் 12 நிமிடப் பின்கதையில் அவனைத் திரும்ப அழைத்துவந்தது, தாமதமானாலும், அந்தக் கோபத்துக்குத் தந்த மரியாதை.

கேள்வி: ரசிகர்களின் எதிர்வினையால் கதை உண்மையிலேயே மாறுவதுண்டா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உண்டு. ‘லாஸ்ட்’ மூன்றாவது சீசனில் நிக்கி, பாவ்லோ என்ற இருவர் திடீரென்று முன்னுக்கு வந்தார்கள். விபத்தில் பிழைத்த மற்றவர்கள் என்னதான் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ரசிகர்கள் கேட்டுவந்த கேள்விக்குப் பதிலாகவே அவர்கள் சேர்க்கப்பட்டார்கள். கேட்ட ரசிகர்களுக்கே அவர்களைப் பிடிக்காமல் போயிற்று. 2007இல் இருவரும் உயிரோடு புதைக்கப்பட்டு, கதையிலிருந்து விடைபெற்றார்கள்.

அதே ஆண்டில் நடந்த இன்னொரு மாற்றத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். ஜாக்கின் உடலில் உள்ள பச்சைக்குத்தின் கதைக்காக ஒரு முழுப் பகுதியே செலவிடப்பட்டபோது, கதை இழுக்கப்படுவதைப் பார்வையாளர்கள் தெளிவாக உணர்ந்தார்கள். முடிவு நாள் தெரியாமல் எழுதினால் இப்படித்தான் ஆகும் என்று எழுத்தாளர்கள் தொலைக்காட்சி நிறுவனத்திடம் தங்கள் தரப்பை வலியுறுத்த அந்தப் பகுதியே சான்றாயிற்று. இன்னும் 48 பகுதிகளோடு 2010இல் தொடர் நிறைவுபெறும் என்று அந்த மே மாதமே அறிவிக்கப்பட்டது.

கேள்வி: ‘வெஸ்ட்வேர்ல்டு’ தொடரின் திருப்பத்தை ரசிகர்கள் முன்பே கண்டுபிடித்துவிட்டார்களாமே? அப்படியானால் அது தோல்விதானே?
– ஆசிரியர், மதுரை

பதில்: தோல்வி என்று நான் கருதவில்லை. மனிதரைப் போன்ற இயந்திரங்கள் உலவும் பொழுதுபோக்குப் பூங்காவில் நடக்கும் கதை அது. இளைஞன் வில்லியமும் கறுப்பு உடை அணிந்த முதியவரும் ஒருவரே, நாம் பார்த்துக்கொண்டிருந்தது ஏறத்தாழ 30 ஆண்டு இடைவெளியுள்ள இரு காலங்கள் என்ற உண்மையை, 2016 டிசம்பரில் முதல் சீசனின் இறுதிப் பகுதி வெளிப்படுத்தியது. வில்லியம் வந்திறங்கும் இடத்தில் காணும் நிறுவனச் சின்னம் மற்ற காட்சிகளில் உள்ளதிலிருந்து வேறுபடுவதைப் பல வாரங்களுக்கு முன்பே ரசிகர்கள் கவனித்துவிட்டார்கள். கண்டுபிடிக்க முடிந்தது என்றால், உண்மை நம் கண்முன்னே வைக்கப்பட்டிருந்தது என்றுதானே பொருள்? யாராலும் ஊகிக்க இயலாதபடி வானத்திலிருந்து விழும் திருப்பமே பார்வையாளரை ஏமாற்றுகிறது.

கேள்வி: இணையம் பரவாத காலத்திலும் இப்படிப் பரபரப்பு இருந்ததா?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், சேலம்

பதில்: இருந்தது, காத்திருப்புதான் அதிகம். 1990 ஜூனில் ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற விண்வெளித் தொடரின் மூன்றாவது சீசனின் கடைசிப் பகுதியில், எதிரிகளான போர்க் கூட்டத்தார் கேப்டன் பிக்கார்டைத் தங்களில் ஒருவராக மாற்றிவிட, அவர் இருக்கும் கப்பலைச் சுடும்படி அவருடைய துணை அதிகாரி ரைக்கர் ஆணையிடும் நொடியில் ‘தொடரும்’ என்று போட்டுவிட்டார்கள். விடை செப்டம்பரில்தான் வந்தது. எழுதிய மைக்கேல் பில்லருக்கே அந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்று அப்போது தெரியாது.

கேள்வி: ‘லாஸ்ட்’ மூன்றாவது சீசன் முடிவில் காட்டப்படுவது கடந்த காலம் அல்ல, எதிர்காலம் என்று நண்பர் சொல்லிவிட்டார். இனிமேல் பார்த்து என்ன பயன்?
– இல்லத்தரசி, ஈரோடு

பதில்: தயங்காமல் பாருங்கள், அம்மா. தாடி வளர்ந்து தளர்ந்துபோன ஜாக் ஓர் இறுதிச்சடங்குக் கூடத்துக்கு வருவான். அதன் பெயர்ப்பலகையில் ‘ஹாஃப்ஸ் – ட்ராலர்’ என்றிருக்கும். அதன் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றினால் ‘ஃபிளாஷ் ஃபார்வர்டு’, அதாவது முன்னோக்கிய காட்சி, என்று வரும். முதல் முறை பார்ப்பவர்களுக்கு அந்தப் பலகை கண்ணில்கூடப் படாது. உள்ளே பெட்டி ஒன்று மட்டுமே இருக்கும். அஞ்சலி செலுத்த வேறு யாரும் வந்திருக்கமாட்டார்கள். இறந்தவருக்கு நண்பரா, உறவினரா என்று அங்கிருப்பவர் கேட்பார். இரண்டும் இல்லை என்பான் ஜாக். பெட்டிக்குள் இருப்பவர் யார் என்பதைத் தங்கள் நண்பர் சொல்லவில்லை அல்லவா? நானும் சொல்லவில்லை.