பழைய விண்டோஸ் டிஸ்க்கும் கீயும் கலந்துபோய்விட்டன. எந்தக் கீ எந்த டிஸ்க்குக்கு உரியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தோட்ட ஆபீஸை மூடும்போது கொடுத்த ஐந்து பழைய கம்ப்யூட்டர், ஒரு பை நிறைய எக்ஸ்பி, விண்டோஸ் 7 டிஸ்க், கிராணி (தோட்ட எழுத்தர்) நோட்டில் கையால் எழுதி வைத்த கீகள், அதாவது விண்டோஸை ஏற்றும்போது கேட்கும் 25 இடக் குறியீடுகள். எதைப் போட்டாலும் ‘செல்லாது’ என்று வருகிறது, எல்லாம் போலியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்பட்டுப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 2004 முதல் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். சுற்று வட்டாரத் தோட்ட ஆபீஸ்களிலிருந்து வந்த பெட்டிகளில் நான் அதிகம் பார்த்தது நல்ல கீயும் தவறான டிஸ்க்கும்தான். அதைப் புரிந்துகொள்ளாமல் டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, கிராக் போட்ட (உரிமப் பூட்டை உடைத்த) டிஸ்க்கை ஐந்து வெள்ளிக்கு வாங்கி ஏற்றுகிறார்கள். பணம் கொடுத்து வாங்கிய உரிமம் பெட்டியின் முதுகிலேயே ஒட்டியிருக்கும். எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

முதலில் நோட்டை மூடி வையுங்கள். ஒவ்வொரு பெட்டியையும் திருப்பிப் பக்கவாட்டிலும் பின்னாலும் ஸ்டிக்கரைத் தேடுங்கள். லேப்டாப் என்றால் அடியிலோ பேட்டரிக்குக் கீழேயோ இருக்கும். கீ மட்டும் முக்கியமில்லை, அதோடு அச்சாகியிருக்கும் வரியும் முக்கியம். ‘எக்ஸ்பி ஹோம்’ என்றோ ‘எக்ஸ்பி புரொபெஷனல்’ என்றோ இருக்கும். பெரிய கம்பெனிப் பெட்டி என்றால் கம்பெனிப் பெயரும் இருக்கும். நோட்டில் எழுதியவர் அந்த வரியை விட்டிருப்பார். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

லிந்தாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளக் கணக்கு) போடும் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சம்பள நாளுக்கு மூன்று நாள்தான் இருந்தது. பெட்டி மேசைக்கு அடியில் கிடந்து, நாற்காலி உரசி உரசி ஸ்டிக்கரில் பாதி எழுத்து தேய்ந்திருந்தது. கிராணி ஐயா குனிந்து படிக்க, நான் எழுதினேன். “எஸ், அடுத்தது சைபர்” என்றார். நான் அங்கேயே நிறுத்திவிட்டேன். எக்ஸ்பி, விண்டோஸ் 7 கீயில் அந்த இரண்டுமே வராது. 25 இடத்திலும் மொத்தம் 24 வகைக் குறிகள்தான் வரும். ஏ, ஈ, ஐ, எல், என், ஓ, எஸ், யூ, இசட் என்ற ஆங்கில எழுத்துகளும் 0, 1, 5 என்ற எண்களும் கிடையாது. டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். ‘எஸ்’ என்று படித்தது அங்கங்கே தேய்ந்த 8. சைபர் என்று படித்தது வால் போன ‘கியூ’. உங்கள் நோட்டிலும் இப்படி வராத எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் எழுதும்போதே பிழை நேர்ந்திருக்கிறது. (விண்டோஸ் 8-லிருந்து ‘என்’ மட்டும் சேர்ந்துகொண்டது.)

கீயைத் திருத்தியும் டிஸ்க் ஏற்கவில்லை. ஸ்டிக்கரில் ஹோம் என்று இருந்தது, ஆபீஸ் அலமாரியில் இருந்ததோ புரொபெஷனல் டிஸ்க். ஹோம் கீ புரொபெஷனலில் ஏறாது, புரொபெஷனல் கீ ஹோமில் ஏறாது. என் கடையிலிருந்து ஹோம் டிஸ்க் கொண்டுபோய்ப் போட்டதும் முதல் தடவையே ஏறியது.

எக்ஸ்பியில் பதிப்பு பொருந்தினால் மட்டும் போதாது, எந்த வழியாக விற்றது என்பதும் பொருந்த வேண்டும். கடையில் அட்டைப் பெட்டியில் தனியாக விற்றது ரீடெயில், கம்ப்யூட்டரோடு வந்தது ஓஇஎம், நிறுவனங்கள் மொத்தமாக வாங்கியது வால்யூம். ஒன்றின் கீ இன்னொன்றின் டிஸ்க்கில் ஏறாது. டிஸ்க் எந்த வகை என்று பார்க்க, அதற்குள் ‘ஐ386’ என்ற ஃபோல்டரைத் திறங்கள். ‘செட்டப்’ என்ற பெயரின் கடைசியில் ‘பி’ இரண்டு முறை வரும் ஒரு ஐஎன்ஐ ஃபைல் இருக்கும். நோட்பேடில் திறந்தால் ‘பிட்’ (ஆங்கிலத்தில் பி, ஐ, டி) என்று தொடங்கும் வரி தெரியும். அது ‘ஓஇஎம்’ என்று முடிந்தால் ஓஇஎம் டிஸ்க், 270 என்று முடிந்தால் வால்யூம். இரண்டும் இல்லையென்றால் ரீடெயிலாக எடுத்துக்கொண்டு முயலலாம். மேலே மார்க்கரில் யாரோ கிறுக்கியதை நம்பாமல் இந்த வரியை நம்புங்கள்.

டெல் போன்ற கம்பெனிகள் தந்த டிஸ்க் அதே கம்பெனிப் பெட்டியில் போட்டால் பயாஸை (கம்ப்யூட்டரைத் துவக்கும் உள் மென்பொருளை) பார்த்துவிட்டுக் கீயே கேட்காது. உங்கள் பையில் அப்படி ஒன்று இருந்தால் அதற்குரிய பெட்டியில் அதை முதலில் போட்டுப் பாருங்கள். அந்தப் பெட்டிகளில் மென்பொருள் வைத்துக் கீயை உருவி எடுப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். உள்ளே இருப்பது அந்தக் கம்பெனி எல்லாப் பெட்டிக்கும் போட்ட பொதுக் கீ, ஸ்டிக்கரில் இருப்பது வேறு. கையால் ஏற்றும்போது ஸ்டிக்கர் கீதான் உங்களுடையது.

விண்டோஸ் 7-இல் வேலை சுலபம். 32 பிட், 64 பிட் இரண்டுக்கும் ஒரே கீ செல்லும். ஹோம் பிரீமியமா புரொபெஷனலா என்ற பதிப்பு மட்டும் சரியாக இருக்க வேண்டும். ஏற்றும்போது கீ கேட்கும் இடத்தைக் காலியாக விட்டு நகரலாம், பிறகு 30 நாளுக்குள் போட்டுக்கொள்ளலாம்.

ஸ்டிக்கரை உரித்து வேறு பெட்டியில் ஒட்டாதீர்கள். ஓஇஎம் உரிமம் அந்தப் பெட்டியோடு பிறந்தது, அதோடுதான் போகும். நான் செய்வது, ஸ்டிக்கரைப் படம் எடுத்துவிட்டு அதன் மேல் அகலமான செலோடேப் ஒட்டுவது. நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் அந்த மை அதிக நாள் தாங்காது. டிஸ்க் உறையிலும் பெட்டியிலும் ஒரே எண்ணை எழுதிவிடுவேன்.

எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டன, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில். அதனால் இந்த ஐந்தையும் இன்டர்நெட் கம்பியில் மாட்டாமல் தட்டச்சுக்கும் பழைய பிரிண்டருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து ஸ்டிக்கரிலும் உள்ள பதிப்புப் பெயரையும் ஒவ்வொரு டிஸ்க்கின் அந்த ‘பிட்’ வரி எப்படி முடிகிறது என்பதையும் எழுதுங்கள். எது எதற்கு என்று நான் பொருத்திச் சொல்கிறேன். கீயை மட்டும் இங்கே எழுதிவிடாதீர்கள்.