மாரியில் கெடாத நத்தார்ப் பரிசு
வாசகர் கேள்வி – பதில்

குருநகர் வாசகி: போன நத்தாருக்கு அண்ணிக்குப் பனையோலை மூடல்பெட்டி ஒன்று கொடுத்தேன். தைப்பொங்கலுக்கு முன்னமே உள்ளே பூஞ்சணம் பிடித்துவிட்டது. இம்முறையும் ஓலைச் சாமான்தான் கொடுக்க விருப்பம். கெடாமல் இருக்க என்ன வழி?

நத்தார் நடு மாரியில் வருவதுதான் சிக்கல். ஓலை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதைப் பொலித்தீனால் சுற்றி வைத்தால் ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சணம் பிடிக்கும். கடையில் அழகுக்காகச் சுற்றித் தரும் பொலித்தீனை வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள்.

நவம்பர் கடைசியிலேயே வாங்குவது நல்லது. மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். புழுங்கல் மணம் வந்தால் சார்வோலை (இழைக்கிற பனங்குருத்தோலை) சரியாகக் காயமுன் இழைத்திருக்கிறார்கள். விளிம்பை மெல்ல நெரித்தால் கட்டு விலகக்கூடாது. சாயம் போட்டதென்றால் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேயுங்கள். நிறம் ஒட்டினால் அது உடுப்பு வைக்கவும் உதவாது.

வெயில் எறிக்கும் நாளில் காலையில் இரண்டு மணித்தியாலம் திறந்து காயவிட்டு, பிறகு காற்றோட்டமான நிழலுக்கு மாற்றுங்கள். நாள் முழுக்க வெயிலில் கிடந்தால் சாயம் வெளிறும், ஓலை முறுகி மடிப்பில் வெடிக்கும். சீமெந்து நிலத்திலோ சுவரோரத்திலோ வைக்கவேண்டாம், மாரியில் இரண்டிலும் ஈரம் ஊறும். அண்ணியின் பெட்டியையும் எறியத் தேவையில்லை. முற்றத்தில் வைத்து உலர்ந்த தூரிகையால் தட்டி, வினாகிரியில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துக் காயவிடச் சொல்லுங்கள். கறை கொஞ்சம் நிற்கும், மணம் போய்விடும்.

எங்களைக் கேட்டால், அலுமாரிக்கு மேல் ஏறிவிடும் அலங்காரப் பெட்டியைவிடச் சுளகும் நீத்துப்பெட்டியும் மேல். பிட்டு அவிக்கிற வீட்டில் நீத்துப்பெட்டிக்கு ஓய்வே இராது. ஆனால் சாயமில்லாததாகப் பார்த்து வாங்குங்கள். புதியதை ஒரு மணித்தியாலம் தண்ணீரில் ஊறவிட்டு, வெறுமையாகப் பத்து நிமிடம் ஆவியில் வைத்தெடுத்தபின் மா போடலாம். ஒவ்வொரு முறையும் கழுவித் தொங்கவிடவேண்டும். ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் அடி கறுக்கும்.

இளவாலை வாசகர்: மெல்பேணிலிருந்து மகள் குடும்பம் நத்தாருக்கு வருகிறது. திரும்பும்போது ஊர்ச் சாமான் கொடுத்துவிட வேண்டும். முன்பு ஒருமுறை பனங்கட்டி இளகி உடுப்பெல்லாம் பிசுபிசுத்தது.

பனங்கட்டி வைத்து விற்கும் சின்ன ஓலைப் பெட்டியான குட்டான் பார்க்க அழகு, ஆனால் ஈரத்தை மறிக்காது. பனங்கட்டி ஈரத்தை உறிஞ்சி இளகும். மார்கழியில் கடையில் இருப்பது மாதக்கணக்காகக் கிடந்த சரக்கு என்பதால் குட்டானின் அடியைத் தொட்டுப் பார்த்தே வாங்குங்கள், ஒட்டினால் விடுங்கள். ஒவ்வொன்றையும் கடதாசியில் சுற்றி, இறுக மூடும் ரின்னில் அடுக்கி, வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு பிடியைத் துணியில் முடிந்து உள்ளே போடுங்கள். ஓலைப் பெட்டிக்குக் காற்றோட்டம் வேண்டும், பனங்கட்டிக்குக் காற்றே ஆகாது.

காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா அரைக் கிலோ கொடுத்தால் போதும். ஊறவிட்டு, தண்ணீரை இரண்டு மூன்று தரம் மாற்றிப் பிழிந்தபிறகே சமைக்கவேண்டும் என்று ஒரு துண்டு எழுதி வையுங்கள். அங்கே வளர்ந்த பிள்ளைகள் அது தெரியாமல் அவித்தால் கசப்பில் முழுவதையும் கொட்டிவிடுவார்கள்.

ஒஸ்ரேலியா இவ்விடயத்தில் மிகக் கண்டிப்பு. உணவுப் பொருளையும் ஓலைச் சாமானையும் பயணி அட்டையில் கட்டாயம் அறிவிக்கவேண்டும். அறிவித்தால் பரிசோதித்துத் தருவார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் பெரிய தண்டம். விதை, கன்று, பச்சைப் பனங்கிழங்கு எதுவும் கொடுத்துவிட வேண்டாம்.

மானிப்பாய் வாசகி: தம்பி புது வீடு கட்டியிருக்கிறான். கறுத்தக்கொழும்பான் மா ஒட்டுக்கன்று கொடுக்கலாமா?

வளவைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சுவருக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 15 அடி தள்ளி இடம் வேண்டும். இல்லையென்றால் தேசியோ கறிவேப்பிலையோ கொடுங்கள்.

கன்று வாங்கும்போது ஒட்டுக்கு மேலே புதுத் தளிர் விட்டிருக்கவேண்டும். கீழே முளைத்திருப்பது அடிக்கன்றின் தளிர், அதை நுள்ளிவிடாவிட்டால் ஒட்டை மேவி வளர்ந்து, கடைசியில் வேறு மாங்காய்தான் காய்க்கும். ஒட்டில் சுற்றிய பொலித்தீன் நாடா தண்டை நெரிக்கத் தொடங்கியிருந்தால் பிளேட்டால் நெடுக்குவாட்டில் கீறி எடுங்கள்.

குழி எப்பக்கமும் 3 அடி. எங்கள் மண்ணில் பல இடங்களில் அதற்கு முன்னமே சுண்ணக்கல் தட்டுப்படும், அலவாங்கு போடாமல் முடியாது. மேல்மண் மூன்று பங்கு, நன்றாக உக்கிய மாட்டெரு ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் வேரைச் சுடும். ஒட்டு நிலத்திலிருந்து அரை அடியாவது உயர நிற்கவேண்டும். அடியைச் சற்று மேடாக அணைத்துவிடாவிட்டால் மழைத்தண்ணீர் தேங்கி வேர் அழுகும். கல்லைக் கண்டதும் கன்றைப் பையோடு மதிலோரம் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அதனால் குழி வெட்டும் கூலியையும் பரிசோடு சேர்த்துக் கொடுங்கள்.

நாவாந்துறை ஆசிரியை: பள்ளிக்கூட நத்தார் ஒளிவிழாவில் 40 பிள்ளைகளுக்குச் சிறு பரிசு. மின்னும் விளையாட்டுச் சாமான் மலிவாக இருக்கிறதே?

வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவற்றில் பொத்தான் பற்றரி இருக்கும். பிள்ளை அதை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகலாம். மூடியில் திருகாணி இல்லாதவற்றைத் தொடவே வேண்டாம். வர்ணப் பென்சில், கயிறடிக்கும் கயிறு, பம்பரம் எல்லாம் பற்றரியில்லாமலே விளையாட்டுத் தருபவை.

மினுங்கும் தாளும் வேண்டாம். அதில் பிளாஸ்ரிக் படலம் இருப்பதால் உக்காது. குப்பையோடு எரித்தால் நச்சுப் புகை. பழைய பருத்திச் சேலையை வெட்டிச் சுற்றலாம். துணியின் மூலைக்கு மூலை நீளம் பெட்டி நீளத்தின் மூன்று மடங்கு வேண்டும்: 8 அங்குலப் பெட்டிக்கு 18 அங்குலச் சதுரம் போதும், உயரமான பெட்டியென்றால் இரண்டு அங்குலம் கூட்டி வெட்டுங்கள்.