நீலநாக்கு அரணையை வீட்ல வளர்க்கலாமா?

கேள்வி (வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா): அக்கா, என் பையனுக்கு 13 வயசு, நீலநாக்கு அரணை வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். ஆயாவோ "அரணை கடிச்சா மரணம், வீட்டுக்குள்ள விடாதே"ங்கிறாங்க. என்ன பண்ண?

பதில்: ஆயா தலைமுறை தலைமுறையா கேட்டு வந்த பேச்சத்தான் சொல்றாங்கம்மா, ஆனா எந்த அரணைக்கும் விஷம் கிடையாது. இதுக்கு நத்தை ஓட்டையே நொறுக்குற தாடை, அதனால கடிச்சா வலிக்கும், அவ்ளோதான். அதுவும் பயந்தா முதல்ல உடம்ப தட்டையாக்கி புஸ்ஸுன்னு சீறி, வாயத் திறந்து அந்த நீல நாக்க முழுசா நீட்டும், எதிரி மிரண்டு ஓடட்டும்னு. அப்ப கைய நீட்டாம தள்ளி இருந்தா தானா அடங்கிடும்.

என் கவலை வேற. நல்லா பாத்துக்கிட்டா 20 வருஷம் கூட இருக்கும், பையன் படிப்பு வேலைன்னு கேப் டவுன் போயிட்டா அப்புறம் உங்க தலையிலதான். உங்களுக்கும் மனசு இருந்தா மட்டும் வாங்குங்க.

ஆஸ்திரேலியா, நியூ கினி, இந்தோனேசியா பக்கத்து பிராணி, வெயில் காஞ்சாத்தான் தின்னது செரிக்கும். நாலடிக்கு ரெண்டடி கூண்டுல ஒரு மூலை 35 டிகிரிக்கு மேல, மறு மூலை 25 கிட்ட இருக்கணும், வெயில் மாதிரி புற ஊதாக் கதிர் தர்ற யூவிபி லைட்டும் வேணும். ஜூன் ஜூலை குளிர் ராத்திரியில லோட்ஷெடிங் (கரண்ட் கட்) வந்து லேம்ப் அணைஞ்சிடுச்சுன்னா அன்னிக்கு தீனி போடாதீங்க, வெந்நீர் பாட்டில துணியில சுத்தி ஓரமா வச்சு, காத்து போக வழி விட்டு கூண்டு மேல கம்பளிய போடுங்க. ஒண்ணு மட்டும் வளருங்க, ரெண்டு சேர்ந்தா கடிச்சுக்கும். கீரை, பூசணி, அவிச்ச முட்டை, பூச்சி எல்லாம் தின்னும். அவகாடோவும் வெங்காயமும் கூடவே கூடாது. தோட்டத்து நத்தையும் வேணாம், நத்தை மருந்து தின்ன நத்தைய இது தின்னா செத்துடும்.

பெர்மிட் வேணுமான்னு வாங்குறதுக்கு முன்னாடியே நம்ம மாகாண வனவிலங்குத் துறையான எசெம்வெலோ ஆபீஸ்ல கேட்டுடுங்க. ஆஸ்திரேலியா வியாபாரத்துக்கு உயிரோட ஊர்வனவ நாட்டுக்கு வெளிய அனுப்ப விடுறதில்ல, அதனால இங்கயே கூண்டுல பொறந்த குட்டியான்னு விக்கிறவர்கிட்ட பேப்பர் கேளுங்க. என்ன ஆனாலும் வெளிய மட்டும் விட்டுடாதீங்க.

கேள்வி (வாசகர், டொங்காட்): எங்க மாமரத்துல நீலத் தலையோட ஒண்ணு ஏறி இறங்குதே, அதுவும் இதுவும் ஒண்ணா?

பதில்: இல்லங்க, அது நம்ம ஊர் ப்ளோகோப், மர ஓணான். ஆணுக்கு இணை சேர்ற காலத்துல தலை நீலமாகும். கிட்ட போனீங்கன்னா மரத்துக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி ஒட்டிக்கிட்டு எட்டிப் பாக்கும். விஷம்னு பயந்து நிறைய பேர் அடிச்சுப் போடுறாங்க, பாவம் அது எறும்பும் பூச்சியும் தின்னுட்டு கிடக்குது. பிடிச்சு வளர்க்கவும் வேணாம், அடிக்கவும் வேணாம்.