புறங்கை வெண்புள்ளிக்கு ‘செல்ஃப் டேனர்’ பூசலாமா?

சரும மருத்துவர் பதில்கள்

கேள்வி: வயது 34. வங்கியில் கேஷியராக இருக்கிறேன். சில வருடங்களாக இரண்டு புறங்கைகளிலும் வெண்புள்ளிகள். பணம் கொடுக்கக் கையை நீட்டினாலே எதிரில் நிற்பவர் பார்வை அங்கேதான் போகிறது. டொரொண்டோவில் இருக்கும் என் நாத்தனார் ‘செல்ஃப் டேனர்’ லோஷன் வாங்கி வந்திருக்கிறார். வெயிலில் காயாமலே உடம்பு பழுப்பாக வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் பூசுவார்களாம். நான் பூசலாமா? புள்ளி பரவிவிடுமா?
- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: தாராளமாகப் பூசலாம். இதிலுள்ள நிறம் தரும் பொருளால் புள்ளி பரவாது. குணமும் ஆகாது.

அந்தப் பொருள் டைஹைட்ராக்ஸிஅசிட்டோன் என்ற எளிய சர்க்கரை. தோலின் மேலடுக்கில் இருக்கும் இறந்த செல்களின் புரதத்தோடு சேர்ந்து பழுப்பாகிறது. தோசை ஓரம் சிவப்பதும் இதே வகை வேதிவினைதான். 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஈவா விட்கன்ஸ்டைன் என்ற ஆய்வாளர் இதைக் குழந்தைகளுக்கு வாய்வழி மருந்தாகக் கொடுத்தபோது, தோலில் சிந்திய இடமெல்லாம் பழுப்பானது. துணியில் கறை இல்லை. அங்கிருந்து வந்ததுதான் உங்கள் நாத்தனார் கொண்டுவந்த லோஷன். இதற்கு நிறமி செல்களே வேண்டாம் என்பதால், அவை அழிந்துபோன உங்கள் புள்ளியிலும் நிறம் பிடிக்கும்.

முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டளவு தடவி இரண்டு நாள் பாருங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். ஒத்துக்கொள்ளாமல் அரித்து, நீங்கள் சொறிந்தால், சொறிந்த இடத்தில் புதுப் புள்ளி வரக்கூடும்.

ஒன்றும் ஆகவில்லையென்றால், சனிக்கிழமை இரவு பாத்திரமெல்லாம் கழுவி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கையை ஈரத்துண்டால் தேய்த்துத் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். விரல் முட்டிகளில் தோல் தடிப்பு, அங்கே நிறம் அதிகம் ஏறும். அதனால் முட்டிகளில் மட்டும் முதலில் துளி வாசலின் தொட்டுக்கொள்ளுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியால், புள்ளிக்குள் மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள். ஓரம் தாண்டியதை ஈரப்பஞ்சால் உடனே துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புள்ளியைச் சுற்றிக் கருவளையம் விழுந்து, இருந்ததைவிட அதிகமாகத் தெரியும். ஆறு மணி நேரமாவது தண்ணீர் படக் கூடாது. இரண்டு, மூன்று மணி நேரத்தில் நிறம் தெரிய ஆரம்பிக்கும், மறுநாள் முழுதாக ஏறியிருக்கும். நம் நிறத்துக்கு ஒரு பூச்சு பெரும்பாலும் போதாது, மறுநாள் இரவு இன்னொன்று பூசலாம். சற்று மஞ்சள் கலந்த பழுப்புதான் வரும், அச்சாகப் பொருந்தாது. ஆனால் சட்டென்று கண்ணில் படாது.

பொதுவாக ஒரு வாரம் வரை நிற்கும். நீங்கள் நோட்டு எண்ணிவிட்டு அடிக்கடி கை கழுவுகிறவர், அதற்கு முன்பே மங்கலாம்.

நிறம் வந்துவிட்டது என்று வெயிலில் அலட்சியமாக இருக்காதீர்கள். இந்தப் பழுப்பு வெயிலைத் தடுக்காது, அடியில் இருப்பது சுலபமாகக் கருகும் தோல்தான். ஸ்கூட்டி ஓட்டுவீர்களென்றால் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீனோ, கையுறையோ கட்டாயம். ஒளி சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தால், லோஷன் பூசுவதை உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிகிச்சையை மட்டும் நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று. நிறம் வருகிறது என்று கடையில் விற்கும் கறுப்பு மருதாணிக் கோனைத் தயவுசெய்து புள்ளியில் இடாதீர்கள். அதில் கலக்கும் பிபிடி என்ற சாயத்தாலேயே சிலருக்குத் தோல் வெளுத்துப்போகிறது. இருக்கிற புள்ளி போதாதா?

வெண்புள்ளி ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, நீங்கள் எண்ணிக் கொடுக்கும் நோட்டு வழியாகவும் ஒட்டாது. யாராவது கேட்டால் இதைக் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். லோஷன் பூசினாலும் சரி, பூசாவிட்டாலும் சரி.

கேள்வி: ஆணழகன் போட்டிக்குத் தயாராகிறேன். மேடை விளக்கில் தசை எடுப்பாகத் தெரிய ஸ்ப்ரே டேன் அடிக்கலாமா, தோலைக் கறுக்கவைக்கும் ‘மெலனோடான்’ ஊசி போடலாமா என்று நண்பர்களுக்குள் பேச்சு.
- வாசகர், சேலம்

பதில்: ஸ்ப்ரே அடிக்கலாம். கண், உதடு, மூக்கை மூடிக்கொள்ளுங்கள், மூச்சோடு உள்ளே போகக் கூடாது. ஊசி வேண்டவே வேண்டாம். இணையத்தில் அது அனுமதி இல்லாமல் விற்கப்படுகிறது, குப்பிக்குள் என்ன இருக்கிறதென்று யாரும் உறுதி தர முடியாது. போட்டவர்களுக்கு வாந்தி வந்ததும், மச்சங்கள் கறுத்து உருமாறியதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஏற்கெனவே போட்டிருந்தால், போட்டிக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே ஒரு சரும மருத்துவரிடம் மச்சங்களைக் காட்டுங்கள்.