கேள்வி–பதில்: மன்னரைக் கட்டிப்போட்ட வரிப்பணம்

கேள்வி: 1688இல் நடந்த 'இரத்தமற்ற புரட்சி'யோடு இங்கிலாந்து மன்னரின் வரம்பற்ற அதிகாரம் முடிந்துவிட்டதாகப் பாடப் புத்தகத்தில் படித்தோம். ஒரே ஆண்டில் இது எப்படி நிகழ்ந்தது?
– வாசகி, காரைக்குடி

பதில்: ஒரே ஆண்டில் நிகழவில்லை. 1688இல் ஆள் மாறினார். பதவியின் அதிகாரம் சுருங்கியது அதற்குப் பிந்தைய ஆண்டுகளில், அதுவும் பெரும்பாலும் வரவு செலவு விவகாரங்களின் வழியாக. பாடப் புத்தகங்கள் இதற்குப் போதிய இடம் தருவதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

புராட்டஸ்டன்ட் நாடான இங்கிலாந்தில் கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்ஸ் 1685இல் பட்டத்துக்கு வந்தபோது, சுங்க வரி உள்ளிட்ட முக்கிய வருவாய்களை நாடாளுமன்றம் அவருடைய ஆயுள் முழுமைக்கும் வழங்கிவிட்டது. கையில் பணம் இருந்ததால், தம்மோடு முரண்பட்ட அந்த நாடாளுமன்றத்தை அதே ஆண்டு நவம்பரில் ஒத்திவைத்த மன்னர், பிறகு தம் ஆட்சி முடியும்வரை அதைக் கூட்டவே இல்லை. கத்தோலிக்கர்களுக்குப் பதவி மறுத்த சட்டங்களைத் தம் விருப்பப்படி விலக்கிவைத்தார். இணங்காத நீதிபதிகளை நீக்கினார். 1688 ஜூனில் அவருக்கு ஆண் குழந்தை பிறந்து, கத்தோலிக்க வாரிசு உறுதியானதும், ஏழு பிரமுகர்கள் ஜேம்ஸின் மகள் மேரியின் கணவரும் புராட்டஸ்டன்டுமான ஆரஞ்சு வில்லியமுக்கு ஹாலந்துக்கு அழைப்புக் கடிதம் அனுப்பினர். நவம்பர் 5ஆம் தேதி அவர் படையோடு டார்பே கரையில் இறங்கினார்.

டிசம்பரில் லண்டனை விட்டு இரவோடு இரவாகத் தப்பிய ஜேம்ஸ், அரச முத்திரையைத் தேம்ஸ் ஆற்றில் வீசிவிட்டுப் போனார். முத்திரை இல்லாமல் நாடாளுமன்றத்தைக் கூட்டும் ஆணையைச் சட்டப்படி பிறப்பிக்க இயலாது. ஆனாலும் வில்லியம் அனுப்பிய கடிதங்களின் பேரில் தேர்தல் நடந்து, 1689 ஜனவரியில் பேரவை கூடியது. பிப்ரவரி 13 அன்று வைட்ஹாலின் விருந்து மண்டபத்தில் உரிமைப் பிரகடனத்தை வாசித்துக் காட்டிய பிறகே வில்லியமுக்கும் மேரிக்கும் முடி வழங்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அது உரிமை மசோதாவாகச் சட்டமானது. நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி மன்னர் சட்டங்களை நிறுத்திவைப்பதும், வரி வசூலிப்பதும், அமைதிக் காலத்தில் நிலைப்படை (நிரந்தர ராணுவம்) வைத்திருப்பதும் சட்டவிரோதம் என்று அது அறிவித்தது.

எழுதிக் கொடுத்த வாக்கை மன்னர்கள் அதற்கு முன்பும் மீறியிருக்கிறார்கள். நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி வரி விதிப்பதில்லை என்ற உரிமை விண்ணப்பத்தை 1628இல் ஏற்றுக்கொண்ட முதலாம் சார்லஸ், மறு ஆண்டே நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு 11 ஆண்டுகள் தனியே ஆண்டார். வில்லியம் காலத்தில் வாக்கு நிலைத்ததற்குக் காரணம், நாடாளுமன்றம் ஜேம்ஸ் விஷயத்தில் பட்ட பாட்டை மறக்காததுதான். 1690இல் புதிய மன்னருக்குச் சுங்க வருவாயை 4 ஆண்டுகளுக்கு மட்டுமே அது வழங்கியது. படைவீரர்களை ராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்க உதவும் சட்டத்தையும் குறுகிய காலத்துக்கே இயற்றி, திரும்பத் திரும்பப் புதுப்பித்தது. பிரான்ஸோடு 1689 முதல் 1697 வரை நீண்ட போருக்கு ஆண்டுதோறும் பணம் தேவைப்பட்டது. கேட்கிற இடம் நாடாளுமன்றம் ஒன்றுதான். 1672இல், ஜேம்ஸுக்கு முன் ஆண்ட இரண்டாம் சார்லஸ் கடனைத் திருப்பித் தருவதை நிறுத்திவைத்து, கடன் கொடுத்த பொற்கொல்லர்களை நொடிக்கச் செய்திருந்தார். ஆகவே மன்னரின் சொல்லை மட்டும் நம்பி யாரும் பெருந்தொகை தரும் நிலை இல்லை. 1694இல் தொடங்கப்பட்ட இங்கிலாந்து வங்கி 12 லட்சம் பவுண்டைக் கடனாகக் கொடுத்தது. நாடாளுமன்றம் விதித்த வரிகளே அதற்குப் பிணை. 1689 முதல் இன்றுவரை நாடாளுமன்றம் கூடாத ஆண்டே இல்லை.

'இரத்தமற்ற' என்ற அடைமொழி இங்கிலாந்துக்கு ஓரளவு பொருந்தும். 1690இல் பாயின் நதிக்கரையில் போர் கண்ட அயர்லாந்துக்கும், 1692இல் கிளென்கோ படுகொலையைக் கண்ட ஸ்காட்லாந்துக்கும் அதைச் சொல்லுவது அநியாயம்.

கேள்வி: 1649இல் மன்னரின் தலையையே வெட்டினார்களே! அப்போதே இந்தப் பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: நாடாளுமன்றத்தின் துணிவு அப்போதே வெளிப்பட்டுவிட்டது என்பதில் ஐயமில்லை. 1642 ஜனவரி 4ஆம் தேதி, பின்னர் தலை வெட்டப்பட்ட அந்த முதலாம் சார்லஸ் ஆயுதமேந்திய ஆட்களோடு வந்து, ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்வதற்காக, நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபைக்குள் நுழைந்தார். அவர்களோ முன்பே தப்பியிருந்தனர். அவர்கள் எங்கே என்று மன்னர் கேட்டபோது சபாநாயகர் வில்லியம் லென்தால் மண்டியிட்டு, இந்தச் சபை பணிப்பதைத் தவிர வேறெதையும் காணக் கண்ணோ பேச நாவோ தமக்கு இல்லை என்றார். மரியாதை குறையாத அந்த மறுப்பை எப்போது படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

ஆனால் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் மூண்ட உள்நாட்டுப் போரில் வென்றது நாடாளுமன்றம் திரட்டிய படை. மன்னரை விசாரிக்க உடன்படாத உறுப்பினர்களை 1648 டிசம்பரில் வாசலிலேயே தடுத்து வெளியேற்றியதும் அதே படைதான். எஞ்சிய சபையை 1653இல் அந்தப் படையின் தலைவர் குரோம்வெல் வீரர்களைக் கொண்டு கலைத்தார். மன்னர் இல்லாத அந்த ஆட்சியிலும் படைத் தலைவரைக் கட்டுப்படுத்தும் வழி நாடாளுமன்றத்துக்கு வாய்க்கவில்லை. குரோம்வெல் 1658இல் மறைந்தபின் ஏற்பட்ட குழப்பத்தில், 1660இல் நாடே இரண்டாம் சார்லஸை அழைத்து மன்னராக்கியது.

கேள்வி: நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவை மன்னர் மறுக்கலாமா? அமைச்சரவையை நீக்கலாமா?
– கல்லூரி மாணவர், விருதுநகர்

பதில்: 1689க்குப் பிறகும் இரண்டு அதிகாரங்களும் மன்னரிடம்தான் இருந்தன. மூன்றாம் வில்லியம் (முன்பு சொன்ன ஆரஞ்சு வில்லியம்தான்) சில மசோதாக்களை மறுத்தும் இருக்கிறார். கடைசியாக மறுத்தவர் ஆன் அரசி. 1708இல் ஸ்காட்லாந்து குடிப்படை (குடிமக்களைக் கொண்ட படை) பற்றிய மசோதாவுக்கு, தம் அமைச்சர்களின் ஆலோசனைப்படியே, ஒப்புதல் தர மறுத்தார். அதன்பின் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. நீதிபதிகளை நினைத்தபோது நீக்கும் வழியை 1701ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் அடைத்தது.

அமைச்சரவை விஷயத்தில் தெளிவு பிறக்க இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1834 நவம்பரில் நான்காம் வில்லியம், காமன்ஸ் சபையில் பெரும்பான்மை பெற்றிருந்த மெல்போர்னின் அரசை விலக்கி, ராபர்ட் பீலைப் பிரதமராக்கினார். அடுத்து நடந்த பொதுத் தேர்தலில் பீலுக்குப் பெரும்பான்மை கிட்டவில்லை. சபையில் அடுத்தடுத்துத் தோற்று, 1835 ஏப்ரலில் அவர் விலக, தாம் அனுப்பிய மெல்போர்னையே மன்னர் மீண்டும் அழைக்க வேண்டியதாயிற்று. சபையின் பெரும்பான்மையை மீறி ஓர் அமைச்சரவையை நிலைநிறுத்த, அதற்குப் பின் வந்த எந்த மன்னராலும் முடியவில்லை.